சைபர் செக்யூரிட்டி படிக்கிறேன், ஹேக்கிங் எப்போது வரும் அக்கா?

கேள்வி: அக்கா, நான் சைபர் செக்யூரிட்டி இளநிலைப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. ஆசைப்பட்டு எடுத்த படிப்பு. மூன்று செமஸ்டர் முடிந்துவிட்டது, இதுவரை சி புரோகிராமிங், டிஸ்கிரீட் மேத்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ், அதோடு சைபர் சட்டம் என்று ஒரு பேப்பர். ஹேக்கிங் என்று ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. மேத்ஸில் அரியர் வேறு. கூடப் படிக்கும் நண்பன், ஹேக்கிங் கருவிகளோடு வருகிற காளி லினக்ஸ் போட்டு வைத்துக்கொண்டு என்னென்னவோ ஓட்டுகிறான், சர்டிஃபிகேட்டும் வாங்கிவிட்டான். நான் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிவிடலாமா? இல்லை, நானும் சர்டிஃபிகேட் பக்கம் போகட்டுமா? நான் படித்து வெளியே வருவதற்குள் ஏஐ எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டுவிடும் என்கிறார்களே?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடமே அந்தப் பாடப் பட்டியல்தான். இதையெல்லாம் தாண்டினால்தான் நிஜமான பாடம் வரும் என்கிற சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். நான் இருப்பது இன்சிடென்ட் ரெஸ்பான்ஸில், அதாவது ஒரு நிறுவனத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவசரமாகக் கூப்பிடுவார்களே, அந்த வேலை. நீங்கள் எழுதிய ஐந்தில் நான்கையாவது தொடாமல் ஒரு வாரம் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. மேத்ஸ் கதை கொஞ்சம் வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

சி-யிலிருந்தே தொடங்கலாம். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்றொரு ஓட்டை வெளியே வந்தது. இணையத்தில் பாதுகாப்பான இணைப்புக்காக ஏராளமான சர்வர்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை அது. இணைப்பில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள், எதிர்முனை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரு சின்ன ஏற்பாடு வைத்திருந்தன. ‘இந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பு, இதன் நீளம் 4 எழுத்து’ என்று ஒன்று கேட்கும், மற்றது அப்படியே திருப்பி அனுப்பும். சரி, கேட்கிறவன் ஒரே ஒரு எழுத்தை மட்டும் அனுப்பிவிட்டு ‘நீளம் 64 ஆயிரம்’ என்று புளுகினால்? சர்வர் நம்பியது. அந்த ஓர் எழுத்தில் ஆரம்பித்து, மெமரியில் அதற்குப் பக்கத்தில் என்ன கிடந்ததோ அத்தனையையும் 64 கிலோபைட் வரைக்கும் அள்ளிக் கொடுத்தது. அதில் வேறு யாருடைய பாஸ்வேர்டோ இருக்கலாம், அந்த சர்வரின் ரகசியச் சாவியேகூட இருக்கலாம். சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை விடுபட்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம். இரண்டு வருடம் அது அப்படியே கிடந்திருக்கிறது. அரேயின் எல்லையைத் தாண்டாதே என்று உங்கள் சி ஆசிரியர் தொண்டை கிழியச் சொல்லியிருப்பாரே, அதுதான் இது. அந்த வகுப்பில் நீங்கள் உட்கார்ந்திருந்தது ஹேக்கிங் வகுப்பில்தான், யாரும் பலகையில் அப்படி எழுதிவைக்கவில்லை.

அடுத்து உங்கள் நண்பர். அவரைக் குறை சொல்லவில்லை, அந்த வயதில் நானும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடினாலே பெருமைப்பட்டவள்தான். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். என்மேப் என்கிற ஸ்கேன் கருவியை ஓட்டும்போது சில போர்ட்டுக்கு (கம்ப்யூட்டருக்குள் போகிற எண் போட்ட கதவு) ‘ஓப்பன்’ என்கிறது, சிலதற்கு ‘குளோஸ்டு’, சிலதற்கு ‘ஃபில்டர்டு’. குளோஸ்டுக்கும் ஃபில்டர்டுக்கும் என்ன வித்தியாசம், அது கருவிக்கு எப்படித் தெரிந்தது? பதில் உங்கள் நெட்வொர்க்ஸ் நோட்டில் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்கிற டிசிபி இணைப்பு மூன்று எட்டில் தொடங்கும் என்று படித்திருப்பீர்கள்: சின் (பேசலாமா?), சின்-ஆக் (பேசலாம், நீ தயாரா?), ஆக் (தயார்). ஸ்கேன் செய்கிறவன் சின் அனுப்புகிறான். சின்-ஆக் வந்தால் கதவு திறந்திருக்கிறது. ரீசெட் வந்தால் அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் அந்தக் கதவில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கிவிட்டது. இவ்வளவும் தெரிந்தவருக்கு என்மேப் வெறும் சௌகரியம். தெரியாதவருக்கு அது சொல்வதெல்லாம் வேதவாக்கு, தப்பாகச் சொன்னாலும் கண்டுபிடிக்க வழியில்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் இன்று ராத்திரியே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் இரண்டு வர்ச்சுவல் மெஷின் (லேப்டாப்புக்குள்ளேயே ஓடுகிற போலிக் கம்ப்யூட்டர்) போடுங்கள், அவை வெளியே போகாமல் தங்களுக்குள் மட்டும் பேசுகிற மாதிரி நெட்வொர்க்கை அமையுங்கள். ஒன்றில் கோப்புகளை அனுப்புகிற பழைய எஃப்டிபி சர்வர், இன்னொன்றிலிருந்து ஏதோ ஒரு பொய்ப் பெயர், பொய்ப் பாஸ்வேர்டு வைத்து லாகின். நடுவில், போகிற வருகிற பாக்கெட்டை எல்லாம் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் ஓடட்டும். முதலில் அந்த மூன்று பாக்கெட்டைத் தேடுங்கள், வரிசையாக இருக்கும். அப்புறம் அந்த உரையாடலை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டச் சொன்னால் ‘யூசர்’ என்று ஒரு வரி, ‘பாஸ்’ என்று ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் நீங்கள் தட்டிய பாஸ்வேர்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே கிடக்கும். முதல்முறை அதைப் பார்க்கும்போது வயிற்றில் லேசாக ஏதோ செய்யும். அடுத்து அதே வேலையை, அனுப்புவதைக் குறியாக்கம் செய்து மறைக்கிற எஸ்எஃப்டிபி வழியாகச் செய்யுங்கள். யார், யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பது தெரியும், என்ன பேசினார்கள் என்பது தெரியாது. குறியாக்கம் எதை மறைக்கிறது, எதை மறைக்காமல் விடுகிறது என்பதை ஒரு அத்தியாயம் படித்தாலும் இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொள்ள முடியாது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் பட்டு அனுபவித்தது. இரண்டாம் ஆண்டில், என்மேப் கையில் கிடைத்த மகிழ்ச்சியில், நான் படித்த இடத்தின் நெட்வொர்க்கையே ஒரு மாலை முழுக்க ஸ்கேன் செய்தேன். எந்தப் போர்ட்டையும் விடாதே என்று ஒரு ஆப்ஷனையும் சேர்த்துக்கொண்டேன், அது எதற்கு இருக்கிறது என்று தெரியாமலே. மறுநாள் அலுவலக அறைப் பிரிண்டர் அருகே தரையெல்லாம் காகிதம், ஒவ்வொன்றிலும் ஒரு வரி, இரண்டு வரி புரியாத எழுத்து. பல பிரிண்டர்கள் 9100-ம் போர்ட்டில் என்ன வந்தாலும் அச்சடித்துவிடும், அதனால்தான் என்மேப்பே எந்த மென்பொருள் ஓடுகிறது என்று துருவும்போது அந்தப் போர்ட்டை வழக்கமாக ஒதுக்கி வைக்கிறது. நான் அந்த ஒதுக்கலைத்தான் நீக்கியிருக்கிறேன். லாகை, அதாவது நெட்வொர்க்கின் பதிவேட்டைப் பார்த்து என் அறை வரைக்கும் வந்துவிட்டார்கள், ஒரு செமஸ்டர் லேப் பக்கம் போகக் கூடாது என்று தண்டனை. இன்றைக்கு நினைத்தால் அவர்கள் பெரிய மனதோடு விட்டுவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. உங்களுக்குச் சொந்தமில்லாத எந்த எந்திரத்தையும் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். வாய்மொழியாக ‘பார்த்துக்கோப்பா’ என்றார் என்பது அனுமதி ஆகாது. எந்தெந்த முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எதைச் செய்யக் கூடாது, பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், இவ்வளவும் தாளில் இருக்க வேண்டும். அனுமதியோடு புகுந்து ஓட்டை தேடுகிற பென்டெஸ்டிங் வேலையில் முதல் நாள் கையெழுத்தாவது அந்தத் தாள்தான்.

அந்தத் தாள் எப்படி எழுதப்படுகிறது என்பது உங்கள் சைபர் சட்டப் பேப்பரில் வரும், நீங்கள் ‘அதோடு’ என்று ஒதுக்கிவிட்ட அந்தப் பேப்பர். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தனிநபர் தரவு கசிந்து அதனால் ஆபத்து வரலாம் என்றால், விஷயம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும். எனக்குப் போன் வரும் நேரத்தில் அந்தக் கடிகாரம் சில சமயம் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருக்கும். ‘தெரிந்த’ நேரம் எது என்பதே வாக்குவாதமாகும். அதைத் தீர்ப்பது டெர்மினலில் தட்டுகிற கட்டளை அல்ல, யார் எப்போது எந்த மின்னஞ்சலைத் திறந்தார்கள் என்று வரிசைப்படுத்தி வைக்கும் குறிப்பு.

சரி, மேத்ஸ். உண்மையைச் சொல்கிறேன், அன்றாடம் பேனா எடுத்து மாடுலர் கணக்கு (வகுத்து மீதி பார்க்கிற கணக்கு) போடுகிறவள் இல்லை நான். குறியாக்கவியலில் ஆராய்ச்சி செய்யப் போகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது தினசரி வேலையில் வராது. ஆனாலும் ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள், ஆர்எஸ்ஏ என்கிற குறியாக்க முறை மந்திரம் இல்லை என்பது தெரியும். 3, 11 இரண்டையும் பெருக்கினால் 33, இது ஊருக்கே தெரியலாம். பொதுச்சாவி 3, ரகசியச்சாவி 7. அனுப்ப வேண்டிய எண் 4 என்றால், மூன்று 4-ஐ ஒன்றோடொன்று பெருக்கி 64, அதை 33-ஆல் வகுத்தால் மீதி 31. இந்த 31-தான் வெளியே போகும். வாங்குகிறவர் ஏழு 31-ஐ ஒன்றோடொன்று பெருக்கி 33-ஆல் வகுத்து மீதி பார்த்தால் திரும்ப 4 வரும். ஏன் 7 வேலை செய்கிறது, 5 ஏன் செய்யவில்லை என்று கேட்க ஆரம்பித்தீர்கள் என்றால் உங்கள் அரியர் பேப்பரின் ஒரு யூனிட் முடிந்துவிட்டது. 33-ஐ யார் வேண்டுமானாலும் 3, 11 என்று உடைத்துவிடலாம். அறுநூற்றுச் சொச்சம் இலக்கம் உள்ள எண் என்றால், இன்றைக்கு இருக்கிற சாதாரணக் கம்ப்யூட்டர்களால் யாராலும் உடைக்க முடியவில்லை. பாதுகாப்பு முழுக்க அந்த ஒரு கஷ்டத்தின் மேல்தான் நிற்கிறது.

எனக்குத் தினமும் தேவைப்படும் கணக்கு வேறு, நிகழ்தகவு. ஒரு அலாரம் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் என்று விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 1 லட்சம் நிகழ்வு, அதில் நிஜமாகவே கெட்டது 10. அந்தப் பத்தையும் அது பிடித்துவிடும், சந்தோஷம். மிச்சமிருக்கும் 99,990-இல் ஒரு சதவீதம் தப்பாக அலறும், அது ஏறக்குறைய 1,000. ஆக ராத்திரி முழுக்க உட்கார்ந்து 1,010 அலாரத்தைப் பார்க்கிறவருக்கு அதில் 10-தான் நிஜம், நூற்றுக்கு ஒன்று. நாற்பதாவது பொய் அலாரத்துக்குப் பிறகு கண்ணைத் தேய்த்துக்கொண்டு ‘குளோஸ்’ பொத்தானை அழுத்துகிற கை, நாற்பத்தொன்றாவதையும் அப்படியே அழுத்திவிடும், அது நிஜமாக இருந்தாலும். சோம்பேறித்தனம் என்று திட்டுகிற மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். அது சோம்பேறித்தனம் இல்லை, அந்த வகுத்தல் கணக்குதான், பாவம் அந்தப் பையன் என்ன செய்வான். அரியரைத் தள்ளிப்போடாதீர்கள், அடுத்த முறையே எழுதி முடித்துவிடுங்கள். பின்னால் மெஷின் லேர்னிங், குறியாக்கவியல் எல்லாம் இதன் மேல்தான் வந்து உட்காரும்.

கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறுவது பற்றி. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது, உங்கள் பாடத்திட்டம்தான் சொல்லும். மிச்சமிருக்கும் செமஸ்டர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், வெப், ஏதாவது ஒரு ஸ்கிரிப்டிங் மொழி, இவை இருந்தால் இருக்கிற இடத்திலேயே இருங்கள். அப்படி இல்லாமல் ‘எத்திக்கல் ஹேக்கிங் 1’, ‘எத்திக்கல் ஹேக்கிங் 2’ என்று கருவிகளை மட்டும் சொல்லித்தரும் பேப்பர்களாகவே வரிசை கட்டி நின்றால் எனக்குக் கவலைதான், ஏனென்றால் கருவி நான்கு வருடத்தில் பழசாகிவிடும். அப்போதுகூட மாற வேண்டும் என்றில்லை, எலெக்டிவ் எடுக்க முடிகிற இடத்தில் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கத்துப் பேப்பரை எடுங்கள். மறுபக்கம் உங்கள் படிப்பில் கிடைத்து அங்கே சுலபமாகக் கிடைக்காத விஷயமும் உண்டு. டிஜிட்டல் ஃபாரன்சிக்ஸ் ஒன்று. கைப்பற்றிய ஹார்டு டிஸ்கை ஆர்வத்தில் அப்படியே சொருகித் திறந்து பார்த்தால், பார்த்த அந்தச் செயலே கோப்புகளின் தேதிகளை மாற்றிவிடும், சாட்சியம் கெட்டுப்போகும். எழுதவிடாமல் தடுக்கிற கருவியை நடுவில் வைத்து, நகல் எடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் (தரவின் கைரேகை மாதிரி ஒரு எண்) ஒன்றுதான் என்று காட்டி, அதற்குப் பிறகு நகலில்தான் வேலை. யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்று ஒவ்வொரு தடவையும் கையெழுத்து. புத்திசாலியான புரோகிராமர்கள் இந்த இடத்தில் சறுக்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நண்பர் முந்திக்கொண்டார் என்பதற்காக மட்டும் மாறாதீர்கள், அங்கேயும் முந்திக்கொள்ள யாராவது இருப்பார்கள்.

சர்டிஃபிகேட் விஷயத்தில் நான் கொஞ்சம் பழைய ஆள். இரண்டாம் ஆண்டில் தேவையில்லை. கடைசி ஆண்டில், வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிற நேரத்தில், காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் மாதிரி அடிப்படையான ஒன்று கையில் இருந்தால் ரெஸ்யூமே வடிகட்டுகிறவர்களைத் தாண்ட உதவும், அவ்வளவுதான். பென்டெஸ்டிங்கில்தான் போக வேண்டும் என்று உறுதியாக இருந்தால் ஓஎஸ்சிபி என்கிற சான்றிதழ் பற்றி அப்புறம் யோசிக்கலாம், அதில் கேள்விக்கு டிக் அடிப்பது கிடையாது, கிட்டத்தட்ட 24 மணி நேரம் உட்கார்ந்து நிஜமாகவே எந்திரங்களுக்குள் போய்க் காட்ட வேண்டும், முடிந்ததும் அறிக்கை எழுத வேண்டும். சிஐஎஸ்எஸ்பி என்று யாராவது இப்போதே உங்களிடம் விற்க வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அது ஐந்து வருட அனுபவம் கேட்கிற சான்றிதழ். கைப்பழக்கத்துக்குப் பைசா செலவில்லாமல் ஓவர்தவயர் என்கிற பயிற்சித் தளத்தில் ‘பேண்டிட்’ விளையாடுங்கள், லினக்ஸ் கட்டளைகள் தானாக விரலுக்கு வந்துவிடும். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பைக்கோசிடிஎஃப் என்கிற ஹேக்கிங் போட்டி இருக்கிறது. வெப் பக்கம் என்றால் ஓவாஸ்ப் என்கிற வெப் பாதுகாப்பு அமைப்பின் ஜூஸ் ஷாப் பயிற்சித் தளத்தை உங்கள் மெஷினிலேயே ஓட்டி உடைக்கலாம், உடைவதற்காகவே செய்து வைத்தது. ஒவ்வொன்றையும் முடித்ததும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: என்ன கண்டேன், இன்னொருவர் அதைத் திரும்பச் செய்வது எப்படி, விட்டுவைத்தால் என்ன ஆகும், சரிசெய்ய எங்கே கைவைக்க வேண்டும். இன்டர்வியூவில் சர்டிஃபிகேட் காட்டுகிறவர்களை நான் மறந்துவிடுவேன். இப்படிப் பதினைந்து பக்கம் எழுதிக் கொண்டுவந்த ஒரு பெண்ணை அன்றைக்கே எடுத்துக்கொண்டோம், இத்தனைக்கும் அவருக்கு இரண்டு கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

ஏஐ. வரிசையாக அலாரம் பார்த்து மூடுகிற ஆரம்பநிலை வேலையில் ஒரு பகுதி போகத்தான் செய்கிறது, பொய் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் 2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பவர் பாதுகாப்பு நிபுணர் இல்லை, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேலை செய்கிற டெவலப்பர். தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைகிற எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அரை விநாடி! மற்றவர்கள் நெட்வொர்க்கைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் அதைத் தோண்டிக்கொண்டே போய், எக்ஸ்இசட் என்ற சுருக்கல் மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டு வைத்திருந்த பின்வாசலைக் கண்டுபிடித்தார். வைத்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக அந்தத் திட்டத்தில் நல்ல பிள்ளையாக வேலை பார்த்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஆள். பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேருவதற்குள் பிடிபட்டது. அதுவரை எந்த ஸ்கேனரும் அலறவில்லை. ஒரு லாகின் எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் எடுத்த நேரம் உறுத்தியது. அந்த உறுத்தல் உங்களுக்கு வர வேண்டும் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரை மனப்பாடம் செய்து எழுதினால் போதாது, உங்கள் லினக்ஸில் சும்மா இருக்கும்போது என்னென்ன புராசஸ் ஓடுகிறது, எது எதைத் தொடங்கி வைத்தது, எந்தப் போர்ட்டில் எது காத்திருக்கிறது என்று வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, தெரியாத பெயரைத் தேடிக் குறித்து வைக்கிற பழக்கம் வேண்டும். லேபில் மாட்டிக்கொண்டால் ஏஐ-யிடம் விளக்கம் கேளுங்கள், தப்பில்லை, நானும் கேட்கிறேன். விடையை எழுதித் தரச் சொல்லாதீர்கள்.

இந்த செமஸ்டருக்கு என்ன செய்வது என்று கேட்டால்: முதலில் அரியர். அதற்குப் பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு ராத்திரி அந்த வர்ச்சுவல் மெஷின்கள். பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், லாகின் லாகைப் படித்து எந்த முகவரியிலிருந்து எத்தனை முறை தப்பான பாஸ்வேர்டு வந்தது என்று எண்ணிக் காட்டுகிற மாதிரி, நாற்பது வரியில் முடிந்துவிடும். எழுதும்போது ஒரு இடத்தில் நின்று யோசிப்பீர்கள்: ஒரே முகவரியிலிருந்து 50 தடவை தப்பாக வந்தது மோசமா, 50 முகவரியிலிருந்து தலா ஒரு தடவை வந்தது மோசமா? இரண்டாவதை உங்கள் ஸ்கிரிப்ட் கவனிக்கவே கவனிக்காது. அதைப் பிடிக்க எப்படி மாற்றுவீர்கள் என்று பாருங்கள், நண்பரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய கருவிகள் இங்கே நன்றாக உதவும்.

கடிதத்தின் கடைசியில் சிரிப்புப் பொம்மையோடு ஒன்று எழுதியிருந்தீர்கள், தெரிந்தவர்கள் எல்லாம் ‘இந்த இன்ஸ்டாகிராம் கணக்கைத் திறந்து கொடு’ என்று கேட்கிறார்கள் என்று. பட்டம் வாங்கினாலும் அது நிற்காது, எனக்கு இன்னும் வருகிறது. யாருடைய கணக்கு என்று முதலில் கேளுங்கள். இன்னொருவருடையது என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அவருடையதுதான் என்றால், பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று அந்த லாகின் பெட்டிக்குக் கீழேயே ஒரு வரி இருக்கும், அதைத் தொட்டுக் காட்டுங்கள்.